மாமியார்க் கண், மருமகள் கண்

என் இரண்டு கண்களுக்கும் சம உரிமை உண்டு என்று இருபத்திரண்டு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். பம்பாய்க்கு வந்த முதல் வாரத்திலேயே அந்த நம்பிக்கை போய்விட்டது. அதற்கு நகரம் காரணம் அல்ல. எங்கள் வரிசையில் மாடிப்படிக்குப் பக்கத்து அறையில் குடியிருந்த அத்தைதான் காரணம்.

எனக்கு அவள் அத்தை இல்லை. அந்தக் கட்டடத்தில் யாருக்குமே இல்லை. ஆனாலும் குடித்தனங்கள் எல்லாம் அவளை அத்தை என்றே அழைத்தன. தண்ணீர்க் குழாயடியில் சண்டைக்கு வரும் மராத்திக்காரர்கள்கூட ‘ஏ அத்தே’ என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டுத்தான் திட்ட ஆரம்பிப்பார்கள்.

கட்டடம் மாட்டுங்காவுக்கும் சயானுக்கும் தாராவிக்கும் நடுவில், மூன்றுமே தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள விரும்பாத ஓர் இடத்தில் இருந்தது. அதனால் எங்கள் விலாசம் சௌகரியத்துக்குத் தக்கபடி மாறும். பெண் பார்க்கப் போகிறவன் மாட்டுங்கா என்பான். ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் சயான் என்பான். தபால்காரர் மட்டும் யார் மனதையும் பார்க்காமல் தாராவி என்பார்.

நான் கோட்டைப் பகுதியில் ஒரு காண்டிராக்டர் ஆபீசில் டிரேசர். அதாவது மற்றவர்கள் வரைந்த கட்டடப் படத்தின் மேல் மெழுகுத் துணியை விரித்து அப்படியே நகல் எடுப்பவன். சொந்தமாக ஒரு கோடு போட எனக்கு அதிகாரம் கிடையாது. கட்டடத்தில் என்னை இஞ்ஜினியர் என்றார்கள். நான் மறுக்கவில்லை. மறுத்துப் பேசும் பழக்கம் அப்போது எனக்கு இல்லை. பிற்பாடு கல்யாணமாகி, அந்தப் பழக்கம் வருவதற்கான வாய்ப்பும் போய்விட்டது.

வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, வாளியும் கையுமாக எல்லா அறைகளுக்கும் பொதுவான நடையில் போய்க்கொண்டிருந்தவனை அத்தை நிறுத்தினாள். ஐம்பதைத் தொடும் வயது, ஒல்லியான உடம்பு, அதற்குச் சம்பந்தமில்லாத குரல்.

“ஏல தம்பி, புதுசா வந்திருக்கியா? நீ எந்தக் கண்ணுக்காரன்?”

ஊர், ஜாதி, சம்பளம் மூன்றில் ஒன்றைக் கேட்பாள் என்று பதில் தயாராக வைத்திருந்த நான் திகைத்துப்போனேன்.

“ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்குங்க.”

“அது எல்லாத்துக்குந்தாம் இருக்கு. எது மாமியா, எது மருமவன்னு கேக்கேன்.”

வாளியைக் கீழே வைக்கச் சொன்னாள். கையில் கிடந்த ஒற்றை வளையலைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். தூரத்தில் ஒரு மில்லின் புகைபோக்கி தெரிந்தது.

“கைய நல்லா நீட்டு. ரெண்டு கண்ணும் தெறந்திருக்கட்டும். வளையலுக்குள்ள அந்தப் பொகபோக்கியக் கொண்டா. வந்துட்டா? இப்பம் எடது கண்ண மூடு.”

மூடினேன். புகைபோக்கி வளையலை விட்டு வெளியே குதித்தது.

“அதத் தெறந்துட்டு வலது கண்ண மூடு.”

புகைபோக்கி சமர்த்தாக உள்ளே வந்து நின்றது.

“எடது கண்ணுக்காரன்” என்று அத்தை தீர்ப்புச் சொன்னாள். நடையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்து, “அப்பமே நெனச்சேன். செவுத்த ஒட்டி ஒட்டி வாரான் பாத்தேளா?” என்றாள். அவர்களும் ரொம்ப நாளாகவே என்னைச் சந்தேகித்து வந்தவர்கள்போலத் தலையை ஆட்டினார்கள்.

அத்தையின் கொள்கை எளிமையானது. ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தால் ஒருத்தி கைதான் ஓங்கியிருக்கும். முகமும் ஒரு வீடுதான். அதில் ஒன்று மாமியார்க் கண், மற்றது மருமகள் கண். மாமியார்க் கண் சொல்வதுதான் மண்டைக்குள் செல்லுபடியாகும். “மருமவக் கண்ணும் பாக்கத்தாம் செய்யும். பேசப்படாது. அவ்வளவுதாம்.”

இதைப் படிக்கிறவர்களில் சிலர் இந்த நேரம் ஒரு வளையலைத் தேடிப் போயிருப்பீர்கள். போய்விட்டு வாருங்கள். நான் இங்கேதான் இருக்கிறேன்.

வலது கையால் வேலை செய்கிறவனுக்கு இடது கண் மாமியாராக வாய்த்தது பெரிய சங்கடம் என்று அத்தை வருத்தப்பட்டாள். ஆபீசில் என் கோடுகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்கின்றன என்று தலைமை டிராஃப்ட்ஸ்மேன் குறை சொல்லிக்கொண்டிருந்ததை எந்த வேளையிலோ அவளிடம் சொல்லித் தொலைத்திருந்தேன்.

“அதாம்ல சொல்லுதேன். வேல இந்தப் பக்கத்துல நடக்கு, அதிகாரம் அந்தப் பக்கத்துல இருந்து வருது. கோடு எப்பிடி நேரா வரும்? எடது கண்ண மூடிட்டுப் போடு.”

ஒரு வாரம் இடது கண்ணை மூடிக்கொண்டு வரைந்தேன். தலைமை டிராஃப்ட்ஸ்மேன் ஒரு கோவாக்காரர், கண்ணியமான மனிதர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, வீட்டில் ஏதாவது கஷ்டமா என்று தனியாக அழைத்துக் கேட்டார். கோடுகள் முன்னைவிடக் கோணலாக வந்தன. அத்தையிடம் சொன்னேன். “மருமவளுக்கு இன்னும் பழக்கம் இல்ல. பொறு” என்றாள்.

அத்தைக்கு இந்த ஞானம் வந்தது பிஸ்கட் கம்பெனியில். சுனாபட்டிப் பக்கம் இருந்த அந்தக் கம்பெனியில் அடுப்பு வீட்டிலிருந்து பிஸ்கட்டுகள் ஓடும் பெல்ட்டின் மேல் வரிசையாக வரும். உடைந்தது, கருகியது இரண்டையும் பொறுக்கி எடுத்துப் போடுவது அத்தையின் வேலை. அப்படிப் பொறுக்கியதைத்தான் வேலைக்காரர்களுக்குக் கொடுப்பார்கள். அதனால் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகளுக்கு பிஸ்கட் என்பது முக்கோணமாகவோ பிறைச் சந்திரனாகவோ இருக்கும் ஒரு பண்டம். முழு பிஸ்கட்டை முதன்முதலாகப் பார்த்த ஒரு குழந்தை, அது கெட்டுப்போனது என்று வாங்க மறுத்ததை நானே பார்த்தேன்.

“மணி அடிச்சி பெல்ட்டு நிக்கும் பாரு, தம்பி, அப்பம் பாக்கணும். நிக்கிற பிஸ்கோத்தெல்லாம் திரும்ப அடுப்பு வீட்டுக்கே போவும். ஒரு எடத்துக்கும் போவாம போவும்!”

நாள் முழுக்க ஒரு திசையில் ஓடுவதைப் பார்த்த கண்ணுக்கு, நின்ற பொருள் எதிர்த்திசையில் நகர்வதாகத் தோன்றும். பெல்ட்டில் நின்ற எல்லாருக்கும் அது தோன்றியது. எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அத்தை மட்டும் ஒருநாள் இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பெல்ட்டைப் பார்த்தாள். மணி அடித்ததும் கண்ணை மாற்றிப் பொத்தினாள். பெல்ட்டையே பார்க்காத கண்ணுக்கும் பிஸ்கட் பின்னால் ஓடியது. அடுத்த நாள் மற்றக் கண்ணால் பார்த்து, மாற்றினாள். இம்முறை ஓட்டம் நன்றாகக் குறைந்திருந்தது.

“வெளங்குதா? மாமியாக் கண்ணு பாத்தா மருமவளுக்கும் சேத்துத் தல சுத்துது. மருமவ மட்டும் பாத்தா மாமியாளுக்கு ஒரு மண்ணும் தெரியல. ஒலகத்துல உள்ளதுதான?”

எனக்கு விளங்கவில்லை. விளங்க வைப்பதற்காக தாதருக்குத் துணி எடுக்கப் போன ஒரு நாள் என்னை ரயிலில் ஜன்னலோரம் உட்கார வைத்தாள். ஒரு கண்ணால் மட்டும் பக்கத்துத் தண்டவாளத்துக் கற்கள் ஓடுவதைப் பார்க்க வேண்டும், வண்டி நின்றதும் கண்ணை மாற்ற வேண்டும். நான் மாட்டுங்காவில் மாற்றினேன். நின்ற பிளாட்பாரம் மெல்ல ஊர்ந்தது. ஆச்சரியத்தில் உறுதி செய்துகொள்ளத் திரும்பத் திரும்பக் கண்களை மாற்றி மாற்றி மூடினேன். எதிரில் இருந்த மராத்தி அம்மாள் முதலில் முந்தானையைச் சரிசெய்தாள். பிறகு எழுந்து நின்றாள். பிறகு அவள் கணவன் எழுந்து நின்றான்.

“ஆங்க் மார்தா ஹை?” என்றான். கண்ணா அடிக்கிறாய் என்று அர்த்தம்.

“அவன் அப்பிடிப்பட்ட புள்ள இல்ல பாயி” என்று அத்தை தமிழிலேயே சமாதானம் சொன்னாள். “எடது கண்ணுக்காரன்.” பிறகு வளையலைக் கழற்றி அவனிடம் நீட்டினாள். தாதர் வருவதற்குள் அந்தப் பெட்டியில் பாதிப் பேர் முறை வைத்துக் கையை நீட்டித் தூரத்துப் புகைபோக்கிகளை வளையலுக்குள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கணவனும் இடது கண்ணுக்காரன் என்று தெரிந்ததும் என்னை அவன் ஓர் உறவினனைப்போலப் பார்க்க ஆரம்பித்தான்.

ஆள், இடம் எதையும் அத்தை பார்க்க மாட்டாள். வீட்டு ஜெபத்துக்கு வந்த சபைப் போதகர் ஜெபத்தை முடித்துக் கண்ணைத் திறக்கும்போது அத்தையின் முகம் ஒரு முழம் தூரத்தில் இருந்தது.

“ஐயா, மூடுறப்ப எந்தக் கண்ண மொதல்ல மூடுனீரு?”

“ஜெபத்துல நீங்க கண்ண மூடலையா?”

“ஒண்ண மூடியிருந்தேன் ஐயா.”

கட்டடத்தில் சண்டை வந்தாலும் அத்தையைத்தான் கூப்பிடுவார்கள். துணிக்கொடி எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது, வாசலில் போட்ட கோடு யார் பக்கம் கோணியிருக்கிறது என்ற மாதிரியான சண்டைகள். இரண்டு பேரையும் வளையலும் கையுமாக நிறுத்தி, ஒருவன் வலது, ஒருவன் இடது என்பாள். “ரெண்டு பேரு பாத்ததும் சரிதாம். போங்க” என்பாள். சில சமயம் இரண்டு பேரும் வலதாகவே இருந்துவிடுவார்கள். அப்போது, “ஒரே கண்ணுக்காரனுவ, அதாம் ஒத்துக்கிட மாட்டேங்கானுவ” என்பாள். எப்படியும் சண்டை தீர்ந்துவிடும். புகைபோக்கியைப் பார்த்து மாறி மாறிக் கண் மூடியதில் எதற்குச் சண்டை போட்டோம் என்பதே இருவருக்கும் மறந்துபோயிருக்கும்.

இந்த மாமியார், மருமகள் என்ற பெயரெல்லாம் வேடிக்கைக்கு என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு சாயங்காலம் அப்படி இல்லை என்று தெரிந்தது. உடைந்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டு நடையில் உட்கார்ந்திருந்தோம். அத்தை தானாகவே பேசினாள்.

“இதே அறைக்குத்தாம் கட்டிக்கிட்டு வந்தேன். அவ்வோ, எம் வீட்டுக்காரவுவ, சீக்கிரம் போயிட்டாவ. மாமியா இருந்தா. நாலு பேரு சாப்பிட உக்காந்தா, எந் தட்டுல மட்டும் சோறு கூட இருக்கும் அவளுக்கு. நெசத்துல ஒரு பருக்க கூடுதல் இருக்காது. ஆனா அவளுக்குக் கூடத்தாம் தெரியும். பொய் சொல்லல தம்பி, நெசமாவே அப்பிடித் தெரிஞ்சிருக்கு. நானும் மருமவக் கண்ணு மாதிரி பாத்துக்கிட்டே இருந்தேன், பேசல.”

கையிலிருந்த பிஸ்கட்டை இன்னும் இரண்டாக ஒடித்தாள்.

“எம் பையனுக்கு ஒருத்தி வருவால்லா. அன்னைக்கு நான் யாரா ஆவேன்னுதாம் பயமா இருக்கு.”

அடுத்த வருடம் ஒருத்தி வந்தாள்.

பையன் ஒரு ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர். பெண் தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவள். பெற்றோர் திருநெல்வேலிச் சீமை என்றாலும் அவள் பேச்சில் பாதி இந்தி. வேதப் புத்தகத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்; பஸ் நம்பரையும் ஆள் முகத்தையும் ஒரே பார்வையில் படித்துவிடுவாள்.

இருப்பதோ ஒரே அறை. கல்யாணத்துக்கு முன்பே தேயிலைப் பெட்டிப் பலகைகளை வாங்கிவந்து பையன் நடுவில் ஒரு தட்டி அடித்தான். வாசலில் நின்று பார்த்தால் இடது பக்கம் அத்தைக்கு, வலது பக்கம் புதுசுகளுக்கு. பின்சுவர் இரண்டுக்கும் பொது. இஞ்ஜினியர் என்ற முறையில் டேப்புடன் நான் வரவழைக்கப்பட்டேன்.

“சரி பாதி. ஒரு நூல் கொறையவும் படாது, ஒரு நூல் கூடவும் படாது” என்றாள் அத்தை. என் வாழ்க்கையில் நான் சொந்தமாகப் போட்ட முதல் கோடு அதுதான். சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்தது. அத்தை வாசலில் நின்று ஒரு கண்ணால் பார்த்தாள், மற்றக் கண்ணால் பார்த்தாள், சரி என்றாள்.

கல்யாணம் முடிந்து இரண்டு மூன்று ஞாயிறுகள் போயிருக்கும். அத்தை என் அறை வாசலில் வந்து நின்றாள். முகம் சரியில்லை.

“தம்பி, டேப்ப எடுத்துட்டு வா. தட்டி நகந்திருக்கு.”

“எப்படி அத்தை நகரும்? தரையில அடிச்சிருக்கே.”

“நகந்திருக்கு. அவ பக்கம் ஒரு சாண் கூட.”

போனேன். மருமகள் ஓரமாக உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பையன் சுவரில் சாய்ந்து நின்றான். தட்டியிலிருந்து இந்த மூலைவரை அளந்தேன், அந்த மூலைவரை அளந்தேன். நான் போட்ட கோடு போட்ட இடத்தில் இருந்தது.

“ரெண்டும் சமம், அத்தை.”

“நீ எந்தக் கண்ணால அளந்த?”

“டேப்பால அளந்தேன்.”

“டேப்பப் பாத்தது எந்தக் கண்ணு?”

சரி, நாமும் ஒருமுறை பார்ப்போம் என்று வாசலில் போய் நின்றேன். வலது பக்கம் நிஜமாகவே ஒரு சாண் அகலமாகத் தெரிந்தது. இடது கண்ணாலும் தெரிந்தது, வலது கண்ணாலும் தெரிந்தது. யாருக்கும் தெரியாமல் இன்னொரு முறை அளந்தேன். சமம். ‘சமம்தான்’ என்று மறுபடியும் சொன்னேன். என் குரலை நானே நம்பவில்லை.

அத்தையும் என் பக்கத்தில் நின்று ஒரு கண்ணை மூடினாள். திறந்து, மற்றதை மூடினாள். பிறகு என் சட்டைக் கையைப் பிடித்து நடைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் அவ்வளவு தணிந்து பேசி நான் கேட்டதில்லை.

“டேப்பு பொய் சொல்லாதுன்னு எனக்கும் தெரியும் தம்பி. கண்ணு ரெண்டும் சேந்து ஒண்ணு போலச் சொல்லுது. அப்பம் பாக்குறது கண்ணு இல்ல. அதுக்குப் பின்னால இருந்துக்கிட்டு ஒண்ணு பாக்குது. எம் மாமியாளுக்குச் சோறு கூடத் தெரிஞ்சிச்சு. எனக்கு எடம் கூடத் தெரியுது. அது எங்கிட்ட வந்துட்டு.”

நான் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

“நான் வடாலாவுக்குப் போறேன். தங்கச்சி வீட்டுல கெடந்துக்கிடுதேன். இன்னைக்கு ஒரு சாணு, நாளைக்கு அந்தப் புள்ள தட்டுல போயி நிக்கும்.”

உள்ளே போய் இரும்புப் பெட்டியில் சேலைகளை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். பெட்டியை மூடிய சத்தத்தில் நடை முழுவதும் கூடிவிட்டது.

“யம்மா, இதுக்குப் போயி! தட்டிய ஒரு சாண் அந்தால தள்ளி அடிச்சிருதேன். முடிஞ்சிது” என்றான் பையன்.

“தள்ளி அடிச்சன்னா அன்னைக்கே நான் ஒங்க ஆச்சி, எம் மாமியா, ஆயிட்டேன்னு அர்த்தம்ல. தொடாத.”

அதுவரை அரிசியை விட்டுக் கண் எடுக்காமல் இருந்த மருமகள் முறத்தைக் கீழே வைத்தாள். கையைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தாள்.

“அத்தே, சும்மா கேக்குறேன். எங்க சைடு பெருசாத் தெரியுதா உங்களுக்கு?”

அத்தை பெட்டியைப் பூட்டினாள்.

“தெரியுதுன்னா நீங்க அங்க வந்துருங்க. நாங்க இங்க வந்துர்றோம். இஞ்ஜினியர் சமம்னு சொல்றார்ல? சமம்னா எங்களுக்கு நஷ்டமில்ல. பெருசுன்னா உங்களுக்கு லாபம். இதுக்குப் போய் வடாலா காய்கோ, எதுக்கு?”

ஆபீசில் நான் பார்த்த எந்த மேனேஜரும் இவ்வளவு சுருக்கமாக ஒரு விஷயத்தை முடித்ததில்லை. பையன் அம்மாவைப் பார்த்தான். அம்மா பெட்டியைப் பார்த்தாள். அவள் யோசித்து முடிப்பதற்குள் மருமகள் பெட்டியின் ஒரு பிடியைத் தூக்கிவிட்டாள். மறு பிடி என் கைக்கு வந்தது. பாய், தலையணை, ஜெபப் புத்தகம், மண்ணெண்ணெய் ஸ்டவ் எல்லாம் வலது பக்கம் போயின. இரும்புக் கட்டில் மட்டும் இடது பக்கம் வர மறுத்தது. அதைச் சாய்ப்பதா நிமிர்த்துவதா என்று நடையில் இருந்தவர்கள் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் யோசனை சொன்னார்கள். எல்லா மொழியிலும் அது தப்பான யோசனையாகவே இருந்தது. கடைசியில் கட்டில் தானாகவே மனம் மாறி உள்ளே போயிற்று.

“இப்ப வாசல்ல போயி பாருங்க, அத்தே” என்றாள் மருமகள்.

அத்தை போய் நின்றாள். நாங்கள் எல்லாரும் சுவரைப் பார்க்கவில்லை, அத்தையின் முகத்தைப் பார்த்தோம். ஒரு கண்ணை மூடினாள். மற்றதை மூடினாள். இரண்டையும் திறந்தாள். வாய் கொஞ்சம் திறந்துகொண்டது.

“ஏ புள்ள... ஒம் பக்கம் சின்னதாயிட்டே!”

“எது?”

“நீ இப்பம் வந்த பக்கம். ஒரு சாண் கொறையுது பாரு. ஏல தம்பி, அந்த டேப்பக் கொண்டா. இது ஞாயமில்ல. அந்தப் புள்ளைக்கு எடம் கொறையுது.”

டேப்பை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. கை பாதியில் நின்றுவிட்டது. பின்சுவரின் இடது பாதியைப் பார்த்தாள். அது வெறும் வெள்ளை. வலது பாதியைப் பார்த்தாள். அங்கே மருமகள் வந்த நாள் முதல் மாட்டி வைத்திருந்த காலண்டர்கள். அவள் அப்பாவுக்கு ஒரு அச்சகத்தில் வேலை; மீந்துபோன காலண்டர்களையெல்லாம் மகளுக்குக் கொடுத்து அனுப்பியிருந்தார். காஷ்மீர் ஏரி, ஆட்டுக்குட்டியுடன் இயேசு, கூடைக்குள் பூனைக்குட்டி, டிராக்டர் ஓட்டும் விவசாயி என்று தட்டியிலிருந்து மூலைவரை இடைவெளியில்லாமல் வரிசையாகத் தொங்கின.

அத்தை விடுவிடுவென்று உள்ளே போனாள். காஷ்மீரைக் கழற்றினாள். பூனைக்குட்டியைக் கழற்றினாள். எடுத்துக்கொண்டு வந்து இடது பாதிச் சுவரில் வைத்துப் பிடித்தாள். “பிடில” என்று என் கையில் ஒன்றையும் மகன் கையில் ஒன்றையும் கொடுத்தாள். வாசலுக்கு ஓடினாள். இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் பாதிப் பாதி காலண்டர். பூனைக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற கோலத்தை ஆபீசில் யாரும் பார்க்கவில்லை என்பது ஓர் ஆறுதல்.

“சரியாயிட்டு!” என்று அத்தை கத்தினாள். “ரெண்டும் சரியாயிட்டு! அப்பம் எம் மனசு இல்ல! காலண்டரு! காலண்டருலா பாத்திருக்கு!”

அப்படியே வாசல்படியில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பில் கண்ணீர் வந்தது. எந்தக் கண்ணில் முதலில் வந்தது என்று அவள் சோதித்துப் பார்க்காத ஒரே தடவை அதுதான்.

“அப்ப வடாலா கேன்சலா?” என்றாள் மருமகள்.

“கேன்சல்.”

“மறுபடியும் கட்டில மாத்தச் சொல்லாதீங்க. இடுப்பு போச்சு.”

படம், கோடு, புள்ளி என்று எதையாவது போட்டு நிரப்பிய இடம் வெறும் இடத்தைவிட நீளமாகத் தோன்றும் என்று நான் பிற்பாடு படித்தேன். அது யார் கண்ணுக்கும் தோன்றும், இரண்டு கண்ணையும் ஒன்றுபோல் ஏமாற்றும். எது மாமியார், எது மருமகள் என்பதற்கு அதில் பெரிய பங்கு இல்லையாம். பிஸ்கட் பின்னால் ஓடும் விஷயத்தில் மட்டும் அத்தை சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. துணிக்கொடித் தீர்ப்புகள் அத்தனையும் மேல் கோர்ட்டில் தள்ளுபடியாக வேண்டியவை. படித்ததைச் சும்மா வைத்திருக்கத் தெரியாதவன் ஆனதால் அவளிடமே போய்ச் சொன்னேன்.

“அப்பம் ரெண்டு கண்ணும் சேந்துக்கிட்டே பொய் சொல்லுமாக்கும்?”

“சொல்லும் அத்தை.”

“குடும்பம்னா அப்பிடித்தாம்” என்றாள். கொள்கைக்கு ஒரு சேதமும் இல்லை.

எனக்கும் கல்யாணமாகி செம்பூருக்குக் குடிபோய்விட்டேன். சில வருடங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனபோது, தட்டி இடுப்பு உயரத்துக்குக் குறைந்திருந்தது. மேல் பலகையை எடுத்து பேத்திக்குத் தொட்டில் கட்ட ஒரு சட்டம் செய்துவிட்டானாம் பையன். இரண்டு பக்கச் சுவரிலும் காலண்டர்கள். புது வருடத்துக்கு எத்தனை வந்தாலும் சரி பாதியாகப் பிரித்துக்கொள்கிறார்கள் என்றாள் அத்தை. ஒற்றைப்படையில் வந்துவிட்டால்? “மிச்சத்த வாசக்கதவுல ஒட்டிருவோம்.”

அவள் தலையைக் கொஞ்சம் திருப்பிப் பேசியதை அப்போதுதான் கவனித்தேன். வலது கண்ணில் புரை. பெல்ட்டிலிருந்து பெட்டி ஒட்டும் வேலைக்கு மாற்றிவிட்டார்களாம். புரை நன்றாக முற்றட்டும், அப்புறம் எடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அத்தை வலது கண்ணுக்காரி என்பது கட்டடத்துக்கே தெரியும். நான் வருத்தமாக ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

“அட, இரு. ஒண்ணு காட்டுதேன்” என்று என்னை நடைக்குக் கூட்டிவந்தாள். வளையலைக் கழற்றினாள். கையை நீட்டினாள். புகைபோக்கி அங்கேயேதான் இருந்தது. இடது கண்ணை மூடினாள், உள்ளே இல்லை என்று தலையை ஆட்டினாள். அதைத் திறந்து வலது கண்ணை மூடினாள். அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள்.

“உள்ளயே நிக்கு தம்பி. மாமியா படுத்துட்டா. இப்பம் மருமவதாம் எல்லாம் பாக்கா. என்னமா பாக்கா தெரியுமா? அந்தக் கொடியில காயுற சட்டையில பொத்தான் இல்லாதது தெரியுது. ஊசியில நூல் கோக்கேன்.” வளையலை இறக்கினாள். “இவ்வளவு நல்லாப் பாக்கத் தெரிஞ்சவ, இத்தன வருசமா ஒரு வார்த்த சொல்லலையே.”

உள்ளே, தட்டிக்கு அந்தப் பக்கம், தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தவளின் குரல் வந்தது.

“நீங்க கேக்கவே இல்லையே, அத்தே.”